கப்பலுக்குப் பின்னால் அலை

செவ்வாய்க்கிழமை. ஹாலிஎல. விடாத மழை.

பண்டாரவளை ஹோட்டலுக்கு வரைந்த பாய்மரக் கப்பல் நேற்றுத்தான் முடிந்தது. முப்பது வருடமாகக் கப்பல்கள் வரைகிறேன். இப்படியோர் அலை என் கையில் வந்ததில்லை. கப்பலுக்குப் பின்னால் மலைபோல் எழுந்து நிற்கிறது.

இன்று பிற்பகல், தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு மதினி வந்தார். மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து வீடுகளை மூடியபோது என் அண்ணனைப் பறிகொடுத்தவர். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"தம்பி, கப்பலுக்குள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க மதினி. கீழ்த்தட்டுல தூங்குறாங்க."

"பின்னால வர்றது அவங்களுக்குத் தெரியுமா?"

மதினி தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அலையைச் சுரண்டித் தாழ்த்தலாம் என்று கத்தியை எடுத்தேன். மனம் வரவில்லை. கடைசியில் கப்பலின் பின்பக்கத்தில் ஒரு மனிதனை வரைந்தேன். அவன் அலையைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர்களைக் கத்திக் கூப்பிடுகிறான். வாய் சரியாக அமையவில்லை. மூன்று தடவை அழித்தேன்.

ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார்.

"நாளைக்கு வேன் அனுப்பவா?"

"இன்னும் முடியலீங்க."

"நேத்து முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே?"

"நேத்து அப்படித்தான் நினைச்சேன்."

படுத்துப் பார்த்தேன், தூங்க முடியவில்லை. அந்த மனிதன் இன்னும் ஒருவரையும் எழுப்பவில்லை என்றே தோன்றிக்கொண்டிருக்கிறது.