கைசாவின் கட்டடக் கலைப் படிப்புக் கணக்கு

டுலூத்
ஏப்ரல் 21

அன்புள்ள கைசாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரம் ஒதுங்கிவிட்டது, என் முழங்கால் வலியும் அதோடு சேர்ந்து கொஞ்சம் விலகியிருக்கிறது. ஸ்போக்கேனில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். வார்ட் சித்தப்பா நேற்று ஒரு வாளி நிறைய ஸ்மெல்ட் மீன் பிடித்துக்கொண்டு வந்தார், அம்மா பாதியைப் பொரித்தாள், மீதி உறைபெட்டியில் இருக்கிறது.

நீ அனுப்பிய கடன் பத்திரம் கிடைத்தது. படிப்பில் சேர்கிறாயா என்று மே முதல் தேதிக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்லவேண்டும், நான் இணைக் கையெழுத்துப் போட்டால்தான் கடன் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். போன வாரமே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் நகராட்சி வரவுசெலவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய எனக்கு நாலு பேரை விசாரிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. சித்தப்பாவிடம் கேட்கவே தேவையிருக்கவில்லை, சாவ்னா நீராவி அறையில் உட்கார்ந்தபடி அவராகவே ஆரம்பித்துவிட்டார். "அஞ்சு வருஷம் படிச்சுட்டு ஊரான் வீட்டுக்குப் படம் போடப்போறாளா? என் பையன் குழாய் மாட்டியே அவளைவிட ஜாஸ்தி கொண்டுவருவான் பாரு" என்றார். உன் பையன் மாட்டிய குழாய்தான் எங்கள் சமையலறையில் ஒழுகுகிறது என்று அம்மா கதவுக்கு வெளியிலிருந்து சொன்னாள். அதற்குப் பிறகு அவர் தண்ணீரை மட்டும் சூட்டுக் கல்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஜோன் பெல்க்கியைப் போய்ப் பார்த்தேன். நம் கிளை நூலகத்தைக் கட்டிய ஆர்க்கிடெக்ட், உனக்கு நினைவிருக்கலாம். ஆர்க்கிடெக்ட்களுக்குக் கிடைப்பதாகக் கல்லூரி சொல்லும் சராசரிச் சம்பளத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "இதுல சொந்தமா ஆபீஸ் வச்சிருக்கற கிழங்கட்டைங்க வருமானமும் கலந்திருக்கு, என்னையும் சேர்த்துத்தான். போன வருஷம் வெளிய வந்த பிள்ளைங்க என்ன வாங்குறாங்கன்னு கேளுங்க" என்றார். அவர் அலுவலகத்தில் டைலர் என்று ஒரு பையன் இருக்கிறான், படித்து முடித்து மூன்று வருடம். ஆரம்பச் சம்பளம் ஐம்பத்தெட்டாயிரம் டாலர். லைசென்ஸ் பரீட்சைகள் இன்னும் முடியவில்லை, அதனால் தன் பெயர் அட்டையில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. மறுபடி முதலிலிருந்து என்றால் இதையே படிப்பாயா என்று கேட்டேன். "தவணை கட்டற நாள்ல கேட்டா ஒரு பதில், நான் வரைஞ்ச படிக்கட்டுல ஜனங்க ஏறும்போது கேட்டா வேற பதில் சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து போட்ட கணக்கு இது. ஐந்து வருடத்துக்கு உன் கடன் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஆயிரத்து அறுநூறு டாலருக்கு மேல் போகும். டைலரின் ஆரம்பச் சம்பளத்தில் வரி போனால் கையில் நிற்பது சுமார் மூவாயிரத்து எழுநூறு. வாடகையையும் கொடுத்தபின் என்ன மிஞ்சும் என்று நீயே பார். நீ தவறினால் வங்கி எங்களிடம் வரும், இந்த வீட்டைத் தவிர எங்களிடம் வேறொன்றுமில்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஜோன் இன்னொன்றும் சொன்னார். "உங்க பொண்ணு வாஷிங்டன் மாநிலத்துலதானே ஆர்க்கிடெக்ட்கிட்ட வேலை பாக்குறா? அங்க பட்டமே இல்லாம, கூடச் சில வருஷம் வேலை பாத்துட்டுப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கலாம். ஆனா அந்த லைசென்ஸை எடுத்துக்கிட்டு இங்க வந்தா நம்ம மாநில லைசென்ஸ் போர்டு பட்டம் எங்கேன்னு கேக்கும்." ஆக, படிக்காவிட்டால் கடன் இல்லை, ஆனால் நீ அந்தப் பக்கத்து மாநிலங்களோடு நின்றுவிட வேண்டியிருக்கும். படித்தால் எங்கும் வேலை செய்யலாம், இங்கேயும்.

எண்கள் அங்கேயே இரு என்றுதான் சொல்கின்றன. அப்படியே எழுதிவிட உட்கார்ந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள்: "அவ எந்த ஊர்ல இருப்பாங்கறது உன் கணக்குல எந்த வரியில இருக்கு ராய்?" பேனாவைக் கீழே வைத்தேன். அப்புறம் அவளே, "அதை எழுதாதே, பொண்ணு நமக்காகக் கடன் வாங்கிடப்போறா" என்றாள். இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் பாதியை மறைத்துச் சொன்ன கணக்கை வைத்து நீ முடிவெடுக்கக்கூடாது. எங்களுக்காக இந்தக் கடனை வாங்காதே. உனக்கே இங்கே வந்து கட்டடம் கட்ட ஆசை இருந்தால், அல்லது அந்த ஐந்து வருடமும் வகுப்பில் உட்கார்ந்து கற்கத்தான் வேண்டும் என்று மனது சொன்னால், வாங்கு. முதலில் உதவித்தொகையைக் கூட்டச் சொல்லி கல்லூரிக்கு ஒருமுறை எழுதிக் கேள், கேட்பதில் வெட்கமில்லை. அவர்கள் மறுத்தாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை. அதை நீ போடு, அல்லது பத்திரத்தைக் கிழித்துவிடு. இரண்டிலும் எனக்கு வருத்தமில்லை.

எந்த வழியில் போனாலும் உன் கை நிதானமாகவும் மனது நிம்மதியாகவும் இருக்கட்டும், கடவுள் துணையிருப்பார். இப்போது செய்யும் வேலை நேரத்தை லைசென்ஸ் கணக்கில் அவ்வப்போது பதிந்துவிடு, தாமதமானால் பாதி நேரம்தான் கணக்கில் சேரும் என்று ஜோன் எச்சரித்தார். முடிவெடுத்ததும் தொலைபேசியில் என்னிடம் சொல்லாதே, அம்மாவிடம் முதலில் சொல். அவளாகக் கேட்கமாட்டாள், ஆனால் காத்திருப்பாள்.

அன்புடன் உன் அப்பா,
ராய் லஹ்தி