அண்ணன் தட்டிய எண்

ராஜபாளையம்
11.6.96, செவ்வாய்
அண்ணனை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டோம். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் அசைகிறது. போலீஸில் இருந்தபோது அவர் குரலுக்குத் தெருவே அடங்கும். அண்ணியும் இல்லை, இனி அவருக்கு நானும் என் மனைவி முத்துப்பேச்சியும்தான்.

காலையில் விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். 'தண்ணியாண்ணே?' இல்லை என்பதுபோல் கண்ணை மூடினார். மறுபடி தட்டினார். ஏழு தட்டு.

மில்லிலிருந்து வரும்போது சோலைச்சாமியின் லாட்டரிக் கடை போர்டைப் பார்த்தேன். அன்று பரிசு விழுந்த சீட்டின் கடைசி எண் ஏழு! சிரித்துக்கொண்டேன்.

14.6.96
மூன்று தட்டினார். மூன்றில் முடியும் சீட்டு வாங்கினேன். விழுந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

25.6.96
நாலு நாளாக விழவில்லை. தப்பு என்னுடையதுதான். கண் திறந்து தட்டுவது வேறு, மூடித் தட்டுவது வேறு. இத்தனை நாள் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

2.7.96
விழுந்தது! திறந்த கண் கணக்கு சரி.

சோலைச்சாமியிடம் சொன்னேன். "ஏலே பால்சாமி, பத்துல ஒண்ணு என்னைக்காச்சும் விழத்தான செய்யும்? விழாத நாள நீ எண்ணலயே" என்றான். அவனுக்குப் பொறாமை.

6.7.96
முத்துப்பேச்சி அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனாள். தடுத்தேன்.

"அவிய எதுக்கோ கூப்பிடுதாவ."

"சும்மா இருட்டி. நீ தொட்டா கணக்கு கலைஞ்சிரும்."

அண்ணன் என்னையே பார்த்தபடி தட்டினார். கண்ணில் நீர் வடிந்தது. அருள் வந்தவர்களுக்கும் அப்படித்தான் வடியும்.

9.7.96
அறையில் அழுகிய பூ வாசனை. பூ எதுவும் இல்லை. ஏதோ இறங்கியிருக்கிறது. பத்தி கொளுத்திவைத்தேன்.

இன்று நிறுத்தாமல் தட்டினார். எண்ண முடியவில்லை. எம்புட்டுண்ணே? ஒரே ஒரு தடவை, மெதுவா... எம்புட்டு?

10.7.96, புதன்
நான் மில்லில் இருந்தபோது முத்துப்பேச்சி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அண்ணனைப் புரட்டியிருக்கிறாள். முதுகெல்லாம் படுக்கைப் புண். எலும்பு தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "ரொம்ப நாளா வலிச்சிருக்குமே, ஒண்ணும் சொல்லலையா?"

"பேச்சு வராது டாக்டர்" என்றேன்.

முத்துப்பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

4.8.96, ஞாயிறு
புண் ஆறிவருகிறது. அண்ணன் தட்டினால் முத்துப்பேச்சி போய்ப் புரட்டிவிடுகிறாள், துடைத்துவிடுகிறாள். வாசலில் இருக்கும் எனக்குக் கேட்கிறது.

நான் உள்ளே போனால் தட்டுவதில்லை. அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்.