விளக்கு வைக்கும் நேரத்துத் தூக்கம்

அக்கா,

இன்று கோட்டையூர் டவுன் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு பெண் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டு வந்தாள். விழிகள் என் பக்கம். பார்வை இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

உன் நோய்க்கு மதுரை டாக்டர் சொன்ன பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் உறை அங்கங்கே அழிந்துபோகிறது என்றார். நாங்கள் கண்டது உன் கால்களை. படுத்தால் தாமாக இழுக்கும், உதைக்கும். பக்கத்தில் யாரோ படுத்திருப்பதைப் போல நீ அவற்றைப் பார்ப்பாய். "அதுக தூங்க விடமாட்டேங்குதுக." தூங்காவிட்டால் மறுநாள் குளியலறைவரைகூட நடக்க முடியாது. கொஞ்சம் தூங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே போய்விடுவாய்.

உனக்குத் தூக்கம் வந்தது மசங்கலில் மட்டும். அம்மா விளக்கு வைக்கும் நேரம். "எந்திரிடி. இந்நேரம் படுத்துப் படுத்துத்தான் உனக்குச் சீக்கே ஒட்டுச்சு." டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தோம். அம்மா நம்பவில்லை.

அதனால் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கப் பழகினாய். சுடரைப் பார்த்தபடி, என் தோளில் சாய்ந்து. "நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருடி. பேச்சு நின்னா அம்மாவுக்குத் தெரிஞ்சுரும்."

பேசினேன். கல்லூரி, பஸ், மழை. உன் விழிகளில் இரண்டு சுடர்கள் அசையும். இமை அசையாது. அந்தப் பக்கம் திரும்பவே எனக்குப் பயம்.

ஒருமுறை அத்தை வந்து, மகள் கல்யாணக் கதை முழுவதையும் உன் முகத்துக்கு நேரே சொன்னார்.

"என்னத்தா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறே?"

"நீங்க எங்கத்தே இடம் விடுறீக?" என்றேன். சிரித்துவிட்டார்.

மறுநாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாய். "அத்தையத் தினமும் வரச் சொல்லுடி."

கடைசியில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த அன்று மசங்கலிலும் என் தோளில் சாய்ந்திருந்தாய். அம்மா விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"தூங்குறாளா?"

"இல்லம்மா. முழிச்சுத்தான் இருக்கா."

பேசிக்கொண்டிருந்தேன். உன் கால்கள் அசையவில்லை. நல்ல தூக்கம் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அம்மா அருகில் வந்தாள். உன் கண்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையால் மூடினாள். அப்போதும் நான் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போதும் பொழுது மசங்கினால் என் வாய் தானாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. மெதுவாகத்தான். நீ விழித்துக்கொள்ளாத அளவுக்கு.