தோத்தவ போனை எடுக்கணும்

போன வியாழக்கிழமை மத்தியானம் உன் பேர் என் போனில் வந்தது.

வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு லைனிங் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் போன் அடித்தது. எட்டிப் பார்த்தால் 'பெங்களூர் பிசாசு'. நான் உனக்கு வைத்த பேர். நீ போய்ப் பத்து மாசம் ஆகிறது. அந்த ஊசி தொண்டைக்குள் இறங்காமல் போனது எங்க அப்பன் ஆத்தா செய்த புண்ணியம். பட்டப்பகல், சந்து முழுக்க ஜனம் போகிறது வருகிறது, நான் மட்டும் வேர்த்து நிற்கிறேன். எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எடுத்தேன். உன் குரலேதான். ஆனால் பேசியது உன் மகள்.

"ஆன்ட்டி, அம்மா போன் ஒடைஞ்சே கெடந்துச்சு. நம்பர் போயிடக் கூடாதுன்னு ரீசார்ஜ் மட்டும் பண்ணிட்டிருந்தேன். இப்பத்தான் ரிப்பேர் பண்ணித் தொறந்தேன். அன்னைக்கு அம்மா உங்களுக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் வரேன். உங்களைப் பாக்கணும்."

"வாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. அளவு நோட்டை எடுத்து உன் பக்கத்தைத் திறந்தேன். தோள், கை நீளம், கழுத்து, மார்பு முப்பத்தெட்டு. கீழே பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. இதை அதில்தான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். வேறு எங்கே எழுதினாலும் உனக்கு வந்து சேராது என்று ஒரு நினைப்பு.

அடையாறு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நீ பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்த புதுசு. மயிலாப்பூரில் பிளவுஸ் ஒழுங்காகத் தைப்பார்கள் என்று யாரோ சொல்லி, குளத்துக்குப் பின்னால் இருக்கும் என் கடையைத் தேடிப் பிடித்து வந்தாய். மிஷினுக்கு மேலே எங்கள் கிரிக்கெட் டீமின் மஞ்சள் கொடி தொங்குகிறது. அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, கடைக்கு மஞ்சக் காமாலையா?" என்றாய். உன் பைக்குள் சிவப்பு பனியன் எட்டிப் பார்த்தது. ஓ, அந்தக் கூட்டமா நீ!

"அளவெடுக்கசொல்ல ஊசி குத்துச்சுன்னா என்னைச் சொல்லாதே" என்றேன்.

"குத்துங்க. உங்க ஊர் கொசு விட்டு வச்ச எடமாப் பாத்துக் குத்துங்க."

அன்றைக்கே அக்கா போய் 'டி' வந்துவிட்டது. அப்புறம் ஏழு வருஷம் நாம் பேசிய பேச்சுக்கு வேறு யாராவது என்றால் வெட்டுக் குத்து ஆகியிருக்கும். எங்கள் ஊரில் குளித்துவிட்டுத் துவட்டுவதற்குள் மறுபடி குளிக்கணும் என்பாய். தண்ணி லாரி பின்னால் குடத்தோடு ஓடியே நாங்கள் ஒல்லியாக இருக்கிறோம் என்பாய். நான் விடுவேனா? "தண்ணிக்கே தீப்பிடிக்கிற ஏரி உலகத்துலயே உங்க ஊர்லதான்டி கீது. சிக்னல்ல நின்னா புள்ளையப் பெத்துப் பேர் வச்சுட்டுத்தான் கெளம்பணும். சாம்பார்ல வெல்லத்தைப் போடுற ஊர்க்காரிக்கு வாயைப் பாரு!" ஒருநாள் கல்யாணப் பிளவுஸ் கொடுக்க வந்த ஒரு அம்மா, போலீசைக் கூப்பிடட்டுமா என்று என் காதில் கேட்டார். நீ அந்தம்மாவிடம், "நீங்க சும்னிருங்க, இது எங்க குடும்ப விஷயம்" என்றாய்.

எங்கள் டீம் தோற்றால் உன் போன் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஹலோ, கூவம் கரைங்களா?"

"கூவம் எங்கே, மயிலாப்பூர் எங்கேடி? எங்களுக்குப் பக்கத்துல ஓடுறது பக்கிங்ஹாம் கால்வாய்" என்று ஒருமுறை ரோஷமாகச் சொல்லி வைத்தேன். அதுவும் அதே சாக்கடைதானே, அதற்கு நீ சிரித்த சிரிப்பு!

ஊரைத் திட்டுகிற வாய்தான் அது. ஒரு மழையில் கடைக்குள் தண்ணி புகுந்தபோது, முழங்கால் தண்ணியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து துணி மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றியதும் நீதான். "படகு கெடைக்கல, நடந்தே வந்துட்டேன், மன்னிச்சுக்கோ" என்றாய். புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் பெங்களூரில் வேலைக்குப் போய், அடையாறு மாடி வீட்டில் நீ ஒண்டியாக இருந்தாய். இந்த ஊரில் உனக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்?

சட்டம் போட்டவள் நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

முதல் வருஷமே, உங்கள் டீம் எங்களிடம் கேவலமாகத் தோற்றதும் நீ போனை அணைத்துவிட்டாய். ரெண்டு நாள். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற ஆட்டோவில் ஏறி அடையாறுக்கு ஓடி வந்து கதவைத் தட்டினால், நைட்டியோடு நின்று "அவமானமா இருந்துச்சுடி" என்கிறாய்! அன்றைக்கு உன்னை நான் கேட்ட கேள்வியைக் கீழ் வீட்டுக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். "தனியாக் கெடக்குற பொம்பளை போனை அணைச்சா நான் இன்னான்னு நெனைக்கிறது? இனிமே தோத்தவ மொதல் மணியிலேயே போனை எடுக்கணும். முழுத் திட்டையும் வாங்கணும். நடுவுல வைக்கக் கூடாது. ஜெயிச்சவதான் வைக்கணும்."

நீ ஒரு விதி சேர்த்தாய். "சரி. ஆனா கடைசி பந்து விழுற வரைக்கும் ஜெயிக்கிறவ வாயத் தொறக்கக் கூடாது. ஆட்டம் எப்ப வேணும்னாலும் மாறும்." ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட நீ அதை மீறியதில்லை.

நீ போன அன்றைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் மத்தியான ஆட்டம். அதுவும் சேப்பாக்கத்தில். ரேஷன் கடை வரிசை மாதிரி எங்கள் ஆட்கள் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் நடந்து வந்து, நடந்து போனார்கள். கடைசி அஞ்சு ஓவர் இருக்கும்போதே எனக்குத் தாங்கவில்லை. "தொலைஞ்சு போங்கடா" என்று டிவியை அணைத்தேன். போனைச் சத்தமில்லாமல் வைத்து, கொக்கி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் டப்பா அதிர்ந்தது. கொக்கியெல்லாம் கிலுகிலு என்று ஆடுகிற சத்தம். "கத்துடி, கத்து. இன்னைக்கு எடுக்க மாட்டேன்" என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னேன். இருபது நிமிஷம் கழித்து இன்னும் ரெண்டு தடவை ஆடியது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சத்தமில்லை.

எட்டு மணி வாக்கில் எடுத்துப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. பழிக்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்து, 'என்னடி, உங்க ஏரி மாதிரி நீயும் தீப்பிடிச்சிட்டியா?' என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். சிரித்துக்கொண்டே அனுப்பினேன்.

காலையில் உன் வீட்டுக்காரம்மா பேசினார். மாரடைப்பு. கதவு வரைக்கும் வந்து விழுந்திருக்கிறாய், போன் உன் கைக்குக் கீழே உடைந்து கிடந்தது. அந்த நெஞ்சை எத்தனை தடவை டேப் வைத்து அளந்திருப்பேன்! உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லையே, பாவி.

சாவு வீட்டில் உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கலாமே ஆன்ட்டி? ஏன் கூப்பிடல?" நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூணு அழைப்பு வந்ததைச் சொல்லாமல் மறைத்தேன். உடைந்த போன் அவள் தோள் பையில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பையைத்தான் அதிகம் பார்த்தேன்.

மூன்று அழைப்பும் கேலிதான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஆட்டம் முடிந்தது ஏழு பத்துக்கு. உன் முதல் அழைப்பு ஆறு ஐம்பதுக்கு. கடைசி பந்துக்கு முன்னால் நீ வாயைத் திறக்க மாட்டாய். அப்போ அது கேலி இல்லை. பத்து மாசமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டு இருக்கிறேன். போன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது, அடிக்காவிட்டால் அதைவிட மோசம். "இன்னாமே, போனைப் பாத்து பேயைப் பாத்த மாரி நடுங்கினுகீற?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை உன் மகள் பேசி வைத்ததும் நான் அனுப்பிய அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தேன். பத்து மாசம் சாம்பல் நிறத்தில் நின்ற ரெண்டு டிக்கும் நீலமாகியிருந்தது. படித்துவிட்டாள்.

ஞாயிறு வரைக்கும் சோறு இறங்கவில்லை. மூன்று பொய் தயார் செய்தேன். சார்ஜ் இல்லை. கோயிலில் இருந்தேன். போனை வீட்டில் மறந்துவிட்டேன். எது எடுபடும் என்று பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

வந்தாள். நீ உட்காருகிற அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். உன் போனை மேஜை மேல் வைத்தாள். மூன்று பொய்யும் எங்கே போச்சோ தெரியவில்லை.

"நான்தான்மா எடுக்கல. தெரிஞ்சேதான் எடுக்கல. தோத்த கோவத்துல டப்பாக்குள்ள போட்டு மூடினேன். ஆடினது கேட்டுச்சு. கேட்டுக்கினேதான் இஸ்திரி போட்டேன்."

அவள் அழவில்லை. அடித்திருந்தால் தேவலை. "மேட்ச் எத்தனை மணிக்கு முடிஞ்சுது?" என்றாள். சொன்னேன். போனைப் பார்த்து மெதுவாகப் படித்தாள். "ஆறு அம்பது. அப்புறம் ஏழு பதினொண்ணு. ஏழு பன்னெண்டு."

போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "மொதல் தடவை நீங்க எடுக்கலைன்னதும், மேட்ச் முடியட்டும்னு காத்திருந்திருக்காங்க ஆன்ட்டி. முடிஞ்சிட்டா நீங்க எடுத்தே ஆகணும் இல்ல? அம்மா உங்க சட்டத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

பத்து மாசத்தில் எதையெதையோ நினைத்துப் பயந்தேன், இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, டிவி முன்னால், கடைசி பந்து எப்போ விழும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? கீழ் வீட்டைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? என்னை அவ்வளவு நம்பினாயா, அடி பைத்தியக்காரி!

"கோவம் போகல ஆன்ட்டி" என்றாள். "போகும்னு சொல்றதுக்கும் நான் வரல. தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்."

நீ வாங்கிப் போகாமல் விட்ட சிவப்பு பிளவுஸை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். உள்பக்க ஓர மடிப்பு முழுக்க மஞ்சள் நூலில் ஹெம்மிங். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். "எல்லாத்துலயும் அப்படித்தான் தைப்பேன். அவளுக்குத் தெரியும். பதிலுக்கு எங்க வீட்டு சாம்பார்ல வெல்லத்தைப் போட்டுட்டுப் போனா." அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. பிளவுஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

மிச்சத்துணியில் சின்ன உறை தைத்து, போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மணியை முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறேன். லோன் வேணுமா என்று கேட்கிறவன்கூட ரெண்டாவது மணி அடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் உன் போன் என்றே நினைத்து எடுக்கிறேன். அது இனிமேல் நிற்காது என்று நினைக்கிறேன். நிற்கவும் வேண்டாம்.

நேற்று மத்தியானம் மஞ்சளும் சிவப்பும் மறுபடி மோதின. டிவியை அணைக்காமல் கடைசி பந்து வரைக்கும் பார்த்தேன். தோற்றோம். போனை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஆச்சு. அஞ்சு நிமிஷம் ஆச்சு. வராது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு எதிர்பார்க்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பத்தாவது நிமிஷம் அடித்தது. 'பெங்களூர் பிசாசு'.

முதல் மணியிலேயே எடுத்தேன்டி.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "ஹலோ... கூவம் கரைங்களா?"

"ஆமாம்மா. தோத்துட்டோம். திட்டு."

திட்டினாள். வெயிலில் ஆரம்பித்து, கொசு, ஆட்டோ, தண்ணி லாரி என்று ஒன்று விடாமல், உன் வரிசையிலேயே திட்டினாள். லாரிக்கு வந்ததும் குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். சட்டப்படி முழுத் திட்டையும் வாங்கினேன்.

"வச்சிடுங்க ஆன்ட்டி" என்றாள்.

"தோத்தவ வைக்கக் கூடாதும்மா. நீதான் வைக்கணும்."

அவளும் வைக்கவில்லை.