நம்பர் இல்லாத வருத்தம்

அன்பு மகள் அனோஜினிக்கு,

நீயும் மருமகனும் கல்கரிக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் தம்பி தனுஜனை அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னோடு புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில் வேலை செய்யும் பிருந்தனைத் தெரியும்தானே, அவருடைய மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதாமாதம் ரத்தப் பரிசோதனைத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து இந்தமுறை நம்பர் இவ்வளவு என்பார், எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள், ஒருவர் சோறு கட்டிக் கொடுப்பார், சூப்பவைசர் கேட்காமலே லீவு கொடுப்பார். எனக்கு வயிறு எரியும் பிள்ளை. வருத்தக்காரப் பிள்ளையைப் பெற்றவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் மனிதனா என்று நீ கேட்கலாம். தம்பி எட்டு மாதமாக மனச்சோர்வில் படுத்திருக்கிறான், எங்கள் ஆட்கள் சோம்பேறி என்கிறார்கள், விரித்துக் காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை. உன்னிலும் எனக்குப் பொறாமைதான். படிக்கிற காலத்தில் நீ மயங்கி விழ, ரத்தத்தில் இரும்பு குறைவு என்று எழுதித் தந்தார்கள், அன்றிலிருந்து முருங்கையிலையும் ஈரலும் சமைத்து உன்னை ஒரு கோப்பை கழுவ விடவில்லை. தம்பி எழும்ப முடியவில்லை என்றபோது போர்வையை இழுத்து எறிந்தவனும் நான்தான்.

மாசியில் அவன் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்தான். ரத்தம் எடுத்தார்கள், மூளையைப் படம் பிடித்தார்கள், மனநோய்க்கு உடம்பில் ஏதும் அடையாளம் இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். நானோ ரிப்போட் வரப்போகிறது என்று கோயில் முழுக்கச் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு மூன்று குடும்பம் அப்பிளும் முந்திரிகைப்பழமும் நெஸ்ரமோல்ற் மாப்பெட்டியும் கொண்டு வருத்தம் பார்க்க வந்துவிட்டது. பிருந்தன் வீட்டுக்கு ஒரே நாளில் இத்தனை பேர் போனதில்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். வந்தவர்களில் மூத்தவர், சீனி வருத்தக்காரரைக் கேட்பதுபோல, நம்பர் எவ்வளவு தம்பி என்றார். நம்பர் ஒண்டும் தரமாட்டினம் மாமா, நூற்றுக்கணக்கான ஆக்களின்ரை ரத்தத்தைச் சேத்துத்தான் பாக்கினம், ஒரு ஆளின்ரை ரத்தத்தை வைச்சு வருத்தம் இருக்கெண்டு இப்ப சொல்லேலாதாம், கையெழுத்து வாங்கேக்கையே சொன்னவை, அப்பாவுக்குத்தான் கேக்க விருப்பமில்லை என்றான் தனுஜன். தேத்தண்ணி ஆறமுன்னம் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். எனக்கு அவனில்தான் கோபம் வந்தது, ஓமெண்டு ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லியிருக்கலாமே என்று. பழங்களை எடுத்து வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். நாளைக்கு அந்த அடையாளத்தைக் கண்டுபிடிச்சு என்ரை ரத்தத்தில அது இல்லையெண்டால், நான் பொய் சொன்னனான் எண்டோ அப்பா நினைப்பியள் என்று கேட்டான். நான் அப்பிள்களை ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்குள் அடுக்கினேன்.

நீயும் போனமுறை, ரிப்போட் வரட்டும் பாப்பம் என்றாய். வராது பிள்ளை. வராமலே அவனை நம்பு. சனிக்கிழமை அவனுக்குப் போன் எடு, எப்ப வேலைக்குப் போறாய் என்று மட்டும் கேட்காதே. பிருந்தனின் மகனுக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதைக் கேட்டும் எனக்கு எரிந்தது, அம்மாவுக்குச் சொல்லிவிடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

அவன் கேட்டு இன்றோடு மூன்று நாள். அவனை நம்பு என்று உனக்கு எழுதிய நான், உன்னை நம்புகிறேன் என்ற ஒரு வார்த்தையை இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. இதை ஒட்டிவிட்டு அவனுடைய அறைக்குப் போகிறேன்.

அன்புடன் அப்பா,
ச. விமலநாதன்
பியர்பொன்ட்ஸ்