லிஃப்டுக்குள் ஒரு வரி

என் வீட்டுக்காரிக்கு (இன்னும் அப்படித்தானே?),

நம் குடியிருப்பு லிஃப்டில் பலகை மாட்டி, ஆளுக்கொரு வரி எழுதிக் கவிதை வளர்க்கச் சொன்னேன். முதல் வரி என்னுடையது: "இரண்டு டம்ளர் கழுவுகிறேன், ஒன்றில்தான் குடித்தேன்."

அடுத்த வரி: "மூணாவது மாடியில தண்ணி வரல." அதற்கடுத்தது: "நாலாவதுலயும்."

சங்கத் தலைவர் சிரித்தார். "புகார்ப் பலகை நல்லா ஓடுதே சார்."

"அது கவிதை சார்."

"அப்ப தண்ணி வராதா?"

நேற்று மிச்சத் துணிமணிகளை எடுக்க நீ வருவதாக மகள் சொன்னாள். பலகையைப் பற்றியும் உன்னிடம் சொல்லியிருந்தாளாம். என் வரியை மட்டும் விட்டு மற்றதைத் துடைத்து, புதுப் பேனாவும் கட்டித் தொங்கவிட்டேன்.

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. முட்டிவலியோடு ஐந்து மாடியும் படியேறி வந்து, பெட்டியோடு படியிலேயே இறங்கிப் போனாய்.

இன்று இரண்டாம் வரியை நானே எழுதிவிட்டேன்: "அஞ்சாவது மாடியிலயும் தண்ணி வரல."

இப்படிக்கு,
அஞ்சாவது மாடிக்காரன்