மணல் பகுதியில் நின்றது

மார்ச் 4, செவ்வாய்

இன்று கணினி மையத்தில் எனக்குக் கைதட்டல். ஏழு மாதமாகப் புழக்கத்தில் இருக்கும் என் 'உறை' ப்ரோக்ராம் இனி கட்டாயம். ப்ரோக்ராமைத் தொடங்குவது, நிறுத்துவது, கோப்பைத் திறப்பது, மூடுவது எதற்கும் யாரும் இயங்குதளத்தை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் நான் எழுதிய உறை இருக்க வேண்டும். "கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றார் தலைவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் மூன்று தடவை சொன்னேன். "உன்னையும் ஒரு உறையில போட்டுப் பத்திரமா வெச்சுடறேன் தாயே" என்கிறார்.

மார்ச் 6, வியாழன்

மணல் பெண்ணின் கணக்கு மறுபடியும் நின்றுவிட்டது. வெள்ளம் பாலத் தூண்களின் அடி மணலை எப்படி அரிக்கிறது என்று மூன்று வருடமாக ஆராய்கிறாள், பட்டப்பெயரே அதுவாகிவிட்டது. பன்னிரண்டு நாள் ஓட வேண்டியது ஒன்பதாம் நாள் படுத்துவிட்டது. இதோடு மூன்றாவது தடவை, எப்போதும் ப்ரோக்ராமின் மணல் பகுதியில்தான். என் மேசைக்கு வந்து, "அக்கா, உங்க பக்கம் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

"வாய்ப்பே இல்லம்மா. உன் ப்ரோக்ராம்லதான் தேடு."

பார்க்காமலேயே சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

வேறு எதையோ தேடிப் பதிவுகளைப் புரட்டினேன். கண்ணில் பட்டுவிட்டது. ஐயோ.

ஓடும் ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் இயங்குதளம் ஓர் எண் கொடுக்கும். அது முடிந்தபின் அதே எண் வேறொன்றுக்குப் போகும். ஒரு கணக்கு தனக்குள் தொடங்கும் ஒவ்வொரு குட்டி ப்ரோக்ராமுக்கும் என் உறை ஆறு மணி நேரக் கெடு வைக்கிறது. கெடு தாண்டினால், அந்த எண்ணில் இருப்பதை நிறுத்துகிறது. முன்னதாகவே முடிந்துவிட்டால் கெடுவை ரத்து செய்ய வேண்டும். ஒழுங்காக முடிந்தால் செய்கிறேன். பிழையோடு முடிந்தால்? விட்டிருக்கிறேன். அவளுடைய மணல் பகுதியோ நிமிடத்துக்கு நூறு குட்டி ப்ரோக்ராம்களைத் தொடங்குவது. யாரோ விட்டுப்போன எண் அவற்றில் ஒன்றுக்கு வந்தது, என் கெடு வந்து அதை நிறுத்தியது, முழுக் கணக்கும் சரிந்தது.

இவர் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவர். உடனே புரிந்துகொண்டார். "பன்னண்டாம் நம்பர்காரர் பல்லைப் புடுங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. சாயங்காலம் அதே பன்னண்டு இன்னொருத்தர் கையில. நீ பழைய சீட்டைப் பாத்து இவரைப் புடிச்சு வெளிய தள்ளிட்ட."

ஆமாம். அதுவும் மூன்று தடவை.

மார்ச் 12, புதன்

திருத்திவிட்டேன். இரண்டே வரி. மாற்றக் குறிப்பில் "சிறு ஒழுங்குபடுத்தல்" என்று எழுதினேன். அவள் அடுத்த தடவை ஓட்டும்போது தானாகவே ஓடிவிடும், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் – இப்படி ஒரு சமாதானம். கைதட்டிப் பத்து நாள்கூட ஆகாமல் மானம் போக வேண்டுமா என்பதுதான் உண்மை.

மார்ச் 14, வெள்ளி

லிஃப்டுக்குள் அவள் நிற்பதைப் பார்த்தேன். எதையோ மறந்தவள் மாதிரி திரும்பிப் படியில் இறங்கினேன்.

மார்ச் 28, வெள்ளி

"அக்கா, முழுசா ஓடிடுச்சு!" என்று ஓடி வந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"நீங்க சொன்னதுதான் சரிக்கா. தப்பு என்னோடதுதான். மணல் பகுதியை மொத்தமா எடுத்துட்டேன், நிக்காம ஓடிடுச்சு. ப்ரொஃபசரும் அந்த அத்தியாயமே வேண்டாம்னுட்டாரு." பிறகு சிரித்துக்கொண்டே, "மூணு வருஷம் போச்சேன்னு ஒரு நாள் பூரா அழுதேன். நான் நெனச்ச அளவுக்குக் கெட்டிக்காரி இல்ல போல, அவ்வளவுதான்" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "நல்லதும்மா." நல்லதும்மாவாம்! என் வாய் வெந்து போக.

வியாழக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கிறாள். மணல் இல்லாமல்.

ஏப்ரல் 1, செவ்வாய்

"திருத்திட்ட. அவளும் முடிச்சுட்டா. இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றார் இவர். மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். அவர் வாயால் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. கண்டபடி கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். அச்சடித்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கேட்டாள்.

"உங்களுக்கு என்னிக்குத் தெரியும்?"

"பதினொண்ணாம் தேதி."

"நான் மணலை எடுத்தது பதினாலாம் தேதி."

அடுக்கிய தாள்களை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தாள். நான் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். "ஊரைக் கூட்ட வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு மட்டும் மிஷின் நேரம் குடுத்துடலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். மறுபடியும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மணலோடு சேர்ந்தே முழுக் கணக்கும் ஓடி முடிந்ததாம். தலைவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப் போகிறது, அந்த அத்தியாயம் இருக்கிறது. அவள் இப்போது என் மேசைப் பக்கம் வருவதில்லை.

காலையில் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல். "உங்கள் உறையை வரி வரியாகப் படித்தேன். கோப்புகளிலும் அதே தவறு இருக்கிறது. பிழை வந்தால் ஒரே கோப்பை இரண்டு தடவை மூடுகிறீர்கள். இடையில், அந்தக் கோப்புக்கு இயங்குதளம் கொடுத்த எண் வேறு கோப்புக்குப் போயிருந்தால் அது மூடப்பட்டுவிடும். திருத்துங்கள். இந்தத் தடவை எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்."

திருத்தினேன். தலைவரைக் கேட்கவில்லை. மையத்தின் பட்டியலில் இருக்கும் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் எழுதினேன்: இரண்டு தவறுகளும் என்னுடையவை. ஆகஸ்டிலிருந்து உங்கள் கணக்கு காரணம் தெரியாமல் நின்றிருந்தால், குறை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம்.

மதியத்துக்குள் ஒன்பது பதில்கள். முதல் பதில், போன டிசம்பரில் ஆராய்ச்சியே வேண்டாம் என்று விட்டுப் போனவருடையது. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. ஒரே வரி.

"எனக்கு நான்கு தடவை நின்றது."

வீட்டு முகவரி கேட்டு எழுதியிருக்கிறேன். நேரில்தான் போக வேண்டும்.